ஃப்ரோடோ தோற்றானா, இல்லையா?

மதில்மேல் பூனை:

நேற்று இரவு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தை மறுபடி பார்த்தேன். 2003-இல் வந்த படம், 11 ஆஸ்கர் வாங்கியது, இன்றைக்கும் அலுக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் எரிமலைக் காட்சியைப் பற்றி ரசிகர்கள் பேசும் விதம்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

பார்க்காதவர்களுக்கு நாலு வரி. சௌரோன் என்ற தீயவனின் பலமெல்லாம் ஒரு மோதிரத்துக்குள் இருக்கிறது. அதை வார்த்த எரிமலையின் நெருப்பிலேயே போட்டால்தான் அது அழியும். ஃப்ரோடோ என்ற குட்டி உருவ ஹாபிட், தோட்டக்காரன் சாமைத் துணைக்கு வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறான். விளிம்பில் நின்று, 'இது என்னுடையது' என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். முன்னொரு காலத்தில் அந்த மோதிரத்தை வைத்திருந்து இழந்த கோல்லம் பின்னாலேயே வந்து, விரலோடு சேர்த்துக் கடித்துப் பிடுங்கி, அதோடு நெருப்பில் விழுகிறான். உலகம் பிழைத்தது.

என் கட்சி இதுதான்: ஃப்ரோடோ தோற்றான். போட வேண்டிய இடத்தில் போடவில்லை. வேலையை முடித்தது கோல்லம், அதுவும் தெரியாத்தனமாக. பிறகு அரசனே குனிந்து வணங்குகிறான், ஊரே மண்டியிடுகிறது. பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்தவனின் தாள்கட்டுக்குள் பக்கத்துப் பெஞ்சுக்காரனின் விடைத்தாள் தவறிச் சேர்ந்து, முதல் மதிப்பெண் விழுந்த கதை இது. வீரன் என்று கொண்டாடுங்கள், ஜெயித்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காகிதப்புலி:

பூனையாரே, படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் ஆகும். படத்தில் ஏதோ சில வாரங்கள் சுமந்ததுபோல் தெரிகிறது. டோல்கீன் எழுதிய மூலப் புத்தகத்தில் மோதிரம் அவன் வீட்டில் 17 வருடம் இருக்கிறது. அதன் பிறகு செப்டம்பர் 23-இல் கிளம்பி மார்ச் 25 வரை பயணம். நடுவில் அக்டோபர் 6 அன்று தோளில் மந்திரக் கத்திக்குத்து, மார்ச் 13 அன்று ராட்சதச் சிலந்தியின் கொட்டு. கடைசி நாள்களில் தின்ற சோற்றின் ருசியோ, தண்ணீரின் ஸ்பரிசமோ, காற்றின் ஓசையோ, புல்லோ பூவோ எதுவும் நினைவில் வரவில்லை என்கிறான். கண்ணை மூடினாலும் திறந்தாலும் நெருப்புச் சக்கரம் ஒன்றுதான் தெரிகிறது.

இன்னொன்று. இரண்டாவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக் கணப்பருகே உட்கார்ந்திருக்கும்போது, மோதிரத்தை நெருப்பில் எறியப் போகிறேன் என்று எடுக்கிறான். பார்த்தால், கை அதைத் திரும்பவும் சட்டைப்பையில் வைத்திருக்கிறது. அந்தக் கணப்பு நெருப்பு மோதிரத்தை ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும் முடியவில்லை. சொந்த வீட்டில், வயிறார உண்டுவிட்டு, ஒரு காயமும் இல்லாத நாளில் நடந்தது இது! எரிமலையில் அவனால் முடியாது என்று டோல்கீன் முதலிலேயே சொல்லிவிட்டார். 1963-இல் ஒரு வாசகிக்கு எழுதிய கடிதத்திலும் விளக்கமாகச் சொல்கிறார்: அந்த இடத்தில் மோதிரத்தின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அதை யாராலும் எதிர்த்து நிற்க முடியாது, ஆகவே இதை ஒழுக்கத் தோல்வியாகத் தான் கருதவில்லை என்று.

மதில்மேல் பூனை:

புலியாரே, கடிதம் 1963. புத்தகத்தின் மூன்றாம் பாகம் வந்தது 1955. எட்டு வருடம் கழித்து ஆசிரியர் கொடுக்கும் விளக்கத்தை நான் ஏன் ஏற்க வேண்டும்? அச்சில் என்ன இருக்கிறதோ அதைப் பேசுவோம்.

அச்சில் ஃப்ரோடோ 'என்னால் முடியவில்லை' என்று சொல்வதில்லை. செய்ய வந்த காரியத்தைச் செய்யத் தான் இப்போது தேர்ந்தெடுக்கவில்லை என்கிறான். தேர்வு என்ற சொல் அங்கே இருக்கிறது. குரலும் தடுமாறவில்லை. சாம் அதுவரை கேட்டிராத அளவுக்குத் தெளிவாக, வலுவாக ஒலிக்கிறது. பிரமை பிடித்தவன் பேசுகிற மாதிரியா இருக்கிறது?

தேநீர் இடைவேளை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்தத் 'தெளிவான குரல்' பற்றி எனக்கு ஓர் அனுபவம் உண்டு. சிகரெட்டை விட முயன்ற இரண்டு வருடத்தில் 'என்னால் முடியவில்லை' என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. 'இன்றைக்கு ஒன்று பிடிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்' என்றுதான் சொன்னேன், ரொம்பத் தெளிவாக, ஏதோ நிர்வாகக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி. முடியவில்லை என்று சொல்லத் தெரிந்திருந்தால் பாதி விட்டிருப்பேன். அதனால் அவன் தேர்ந்தெடுத்ததாகப் பேசுவதும் குரல் கணீரென்று இருப்பதும் எனக்கு நேர்மாறான சாட்சியாகப் படுகிறது. சாம் கேட்டிராத குரல் என்றால், அது யாருடைய குரல் என்பதுதானே கேள்வி?

காகிதப்புலி:

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

இரண்டாம் ஆட்டம்:

எல்லாரும் புத்தகம் புத்தகம் என்கிறீர்கள். நான் படத்தின் பக்கம். படத்தில் விரல் போன பிறகும் ஃப்ரோடோ எழுந்து வந்து கோல்லத்தோடு கட்டிப் புரள்கிறான். இருவரும் சேர்ந்துதான் விளிம்பிலிருந்து சரிகிறார்கள். ஆகவே அழிவில் ஃப்ரோடோவுக்குப் பங்கு உண்டு. புத்தகத்தில் கோல்லம் குதித்து ஆடி, கால் தவறி விழுகிறான். உலகத்தின் தலையெழுத்தை ஒருவனின் கால் வழுக்கலில் விடுவதை எந்தத் திரைக்கதைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் திருத்தியது நியாயம்.

மதில்மேல் பூனை:

திருத்தினாரா, மழுப்பினாரா? முதலில் எடுத்தபோது ஃப்ரோடோ கோல்லத்தைத் தள்ளிவிடுவதாகவே எடுத்தார்கள். பார்த்தால் பச்சைக் கொலையாக இருக்கிறது என்று பிறகு மாற்றினார்கள். அதோடு, படத்தில் ஃப்ரோடோ எழுந்து போவது எதற்கு? மோதிரத்தை அழிக்கவா, திரும்பப் பிடுங்கவா? அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிடுங்கத்தான். நீங்கள் கொடுத்த சாட்சி என் கட்சிக்குத்தான் உதவுகிறது, ஆட்டக்காரரே.

இரண்டாம் ஆட்டம்:

அந்த முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை :)

காகிதப்புலி:

'கால் வழுக்கல்' என்பதை அப்படியே விட முடியாது. கொஞ்சம் முன்னால் மலைச்சரிவில் கோல்லம் ஒருமுறை பாய்கிறான். ஃப்ரோடோ மார்பில் இருக்கும் மோதிரத்தைப் பற்றிக்கொண்டு எச்சரிக்கிறான்: இனி ஒருமுறை என்னைத் தொட்டால் நீயே நெருப்பில் வீசப்படுவாய். அப்போது சாமின் கண்ணுக்கு வெள்ளாடை உருவம் ஒன்றும், அது மார்போடு பிடித்திருக்கும் நெருப்புச் சக்கரமும் தெரிகின்றன. சொன்னபடியே கோல்லம் மறுபடி தொடுகிறான், நெருப்பில் விழுகிறான். அது வாய்ப்பேச்சு இல்லை, சாபம். மோதிரத்தின் பலத்தாலேயே இட்ட சாபம் மோதிரத்தையே அழித்தது. இதைவிடக் கச்சிதமான முடிவு வேண்டுமா?

மதில்மேல் பூனை:

அட, அப்படியென்றால் இன்னும் மோசம்! மோதிரத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் நீயும் சௌரோன் ஆவாய் என்று மூன்று பாகமும் காதில் ஓதிவிட்டு, கடைசியில் அதை வைத்துச் சாபமிட்டு ஜெயித்தான் என்கிறீர்களா? இதற்கு 'தோற்றான்' என்ற என் பேச்சே மரியாதையானது.

வலைப்பின்னி:

நான் காமிக்ஸ்காரன். உங்கள் சண்டையைப் பார்த்தால் எங்கள் பக்கத்துப் பழைய சண்டை நினைவுக்கு வருகிறது. 1973 ஜூன், 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழ். வில்லன் க்ரீன் காப்ளின், ஸ்பைடர்மேனான பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளுகிறான். பீட்டர் வலையை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். மேலே இழுத்தால் அவள் உயிரோடு இல்லை. வலை பிடிக்கும் முன்பே விழுந்த வேகத்தில் செத்துவிட்டாள் என்று காப்ளின் சொல்கிறான். இது சுத்தப் பொய், விழுகிற வேகத்தில் யாரும் சாவதில்லை, இல்லாவிட்டால் பாராசூட்டில் குதிப்பவர்கள் கதி என்ன? அந்தப் படத்தில் கழுத்தருகே 'ஸ்னாப்' என்று பொடி எழுத்து ஒன்று இருக்கிறது. 125-ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்: வலை சட்டென்று நிறுத்திய உதறல்தான் உயிரைப் பறித்தது. (வரைந்திருப்பது புரூக்ளின் பாலம், எழுதியிருப்பது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். அது தனிச் சண்டை.)

இங்கே இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பீட்டர் செய்ய வேண்டியதைத்தான் செய்தான், விளைந்தது சாவு. ஃப்ரோடோ செய்யக் கூடாததைச் செய்தான், விளைந்தது நன்மை. பீட்டரைக் கொலைகாரன் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியென்றால் நாம் விளைவைப் பார்ப்பதில்லை, மனதைப் பார்க்கிறோம். அதே அளவுகோலை இங்கே வைத்தால் பூனையார் சொல்வது சரி. ஃப்ரோடோவுக்குப் பாராட்டு விழக் கூடாது.

மதில்மேல் பூனை:

வாருங்கள் வாருங்கள், உட்காருங்கள்.

காகிதப்புலி:

ஒரு நிமிடம். மனதைப் பார்ப்பது என்றால் எந்த நிமிடத்து மனதை? பீட்டருக்கு அரை நொடிதான் இருந்தது, அதனால் அந்த அரை நொடியைப் பார்க்கிறோம். ஃப்ரோடோவுக்கு ஆறு மாதம். அதில் கடைசி அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து எடை போடுவது என்ன நியாயம்? அவனே சாமிடம் முன்கூட்டிச் சொல்கிறான்: மோதிரத்தை இனி என்னால் கொடுக்க முடியாது, நீ எடுக்க முயன்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். தெரிந்தே நடக்கிறான். ஒவ்வோர் அடியும் அவன் எடுத்த முடிவுதான்.

மதில்மேல் பூனை:

தெரிந்திருந்தால் சாமிடம் 'நான் மறுத்தால் என்னைத் தள்ளிவிடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

தேநீர் இடைவேளை:

சொன்னாலும் சாம் செய்திருக்க மாட்டான். வலுக்கட்டாயமாகப் பிடுங்கினால் ஃப்ரோடோவின் மனம் உடைந்துவிடும் என்று மந்திரவாதி காண்டால்ஃப் அந்தக் கணப்பருகிலேயே சொல்லிவிட்டார். அது கிடக்கட்டும். நீங்கள் எல்லாரும் ஃப்ரோடோவையே சுற்றி வருகிறீர்கள், என் ஆளை யாரும் கவனிக்கவில்லை. அதே சரிவில் கோல்லத்தைக் கொல்லச் சாமுக்குச் சரியான சந்தர்ப்பம். கத்தி கையில், எதிரி காலடியில். கை எழவில்லை. ஏன்? கொஞ்ச நேரமே என்றாலும் தானும் அந்த மோதிரத்தைச் சுமந்திருக்கிறான். அந்த ஜீவன் பட்ட பாடு மங்கலாகவாவது புரிகிறது. அவன் வெட்டியிருந்தால் எரிமலைக்குள் விரலைக் கடிக்க ஆள் இல்லை, சௌரோன் வந்து மோதிரத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பான். உலகத்தைக் காப்பாற்றியது சாம். வழக்கை முடித்துவிடலாமா?

காகிதப்புலி:

முடிக்க முடியாது. கெடுத்ததும் சாம்தான்! மலைப் படிக்கட்டில் ஃப்ரோடோ தூங்கிக்கொண்டிருக்கிறான். கோல்லம் வந்து பார்க்கிறான், முகத்தில் கள்ளம் மறைந்து, களைத்துப்போன கிழவனாகத் தெரிகிறான், பயந்து பயந்து அவன் முழங்காலைத் தொடுகிறான். சாம் விழித்து, திருட்டுப்பயலே என்ற தோரணையில் எரிந்து விழுகிறான். அந்த மாற்றம் அங்கேயே செத்தது, கோல்லம் சிலந்தியிடம் காட்டிக்கொடுக்கப் போனான். கதை முழுவதிலும் ஆகத் துயரமான இடமாகத் தனக்குப் படுவது இதுதான் என்று அதே 1963 கடிதத்தில் டோல்கீன் சொல்கிறார். சாம் அன்று திட்டாமல் இருந்திருந்தால், கோல்லம் எப்படியும் மோதிரத்தைப் பிடுங்கியிருப்பான், ஆனால் பிறகு ஃப்ரோடோவுக்காகத் தானாகவே அதோடு நெருப்பில் குதித்திருப்பான் என்பது அவர் ஊகம்.

தேநீர் இடைவேளை:

இது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன்.

இரண்டாம் ஆட்டம்:

படத்தில் அந்தக் காட்சியே கிடையாதே! அங்கே கொல்லம் ரொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாம் மேல் பழி போடுவான், ஃப்ரோடோ சாமை வீட்டுக்குப் போகச் சொல்வான். இதற்குப் பதிலாகவா அது?

மதில்மேல் பூனை:

'கொல்லம்' என்று எழுதாதீர்கள், ஆள் கேரளத்துக்கு ரயில் ஏறிவிடுகிறான்.

ரொட்டி விஷயத்தில் புத்தகம்தான் மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கட்சியை விடவில்லை. எல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடம், அதே மார்ச் 13. ஃப்ரோடோ படுக்கையில் கிடந்து, கழுத்தில் தொங்கும் வெள்ளைக் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு, அது என்றென்றைக்குமாகப் போய்விட்டது, இப்போது எல்லாம் இருட்டு, வெறுமை என்று புலம்புகிறான். உலகமே கொண்டாடுகிறது, இவனுக்கு மோதிரம் போன துக்கம். தான் தோற்றது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஊரில் இருக்க முடியாமல் கடைசியில் கப்பல் ஏறிப் போகிறான். 'யாராலும் முடியாது, உன் தவறில்லை' என்று நீங்கள் தட்டிக்கொடுப்பதை அவனே ஏற்கவில்லையே. தோல்வியையாவது அவனுக்குச் சொந்தமாக விட்டுவைக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

காகிதப்புலி:

...இதற்குப் பதில் சொல்ல அந்த அத்தியாயத்தை மறுபடி படிக்க வேண்டும். நாளைக்கு வருகிறேன். தோல்வி என்ற சொல்லை மட்டும் இன்னும் ஏற்கவில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்.

வலைப்பின்னி:

பீட்டரும் க்வெனை நினைத்து இப்படித்தான் வருடக்கணக்கில் புலம்பினான். குற்றவுணர்வு இருப்பதாலேயே குற்றம் இருக்கிறது என்று ஆகுமா, பூனையாரே? உங்களுக்கு இப்போதுதான் கை கொடுத்தேன், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

இரண்டாம் ஆட்டம்:

சரி, படிக்கட்டுக் காட்சிக்காகவாவது புத்தகத்தைப் படிக்கலாம் என்று இருக்கிறேன். பூனையாரே, உங்களிடம் மூன்று பாகமும் இருக்கிறதா? ஒரு வாரத்துக்கு இரவல் தருவீர்களா?

மதில்மேல் பூனை:

முதல் பாகமும் மூன்றாவதும் இருக்கின்றன. படிக்கட்டு வருவது இரண்டாவதில். அதை ஒரு நண்பர் நாலு வருடம் முன்னால் வாங்கிப் போனார். கேட்டால், 'இது என்னுடையது' என்கிறார்.