கோப்ளினுக்கு ஓடத் தெரியணும்: டேபிளில் கவனிக்க வேண்டியவை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பகடைக் கதைவிளையாட்டின் முதல் லெவலில் ஆளைத் தூக்குவது டிராகன் இல்லை, கோப்ளின் என்ற குள்ள எதிரி. டி அண்ட் டி 5ஆம் பதிப்பின் 2014 விதிப்படி ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). நாலு வந்தால் 200. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரண்டால் பெருக்கணும், ஆக 400. நாலு பேர் கொண்ட முதல் லெவல் குழுவுக்கு 'டெட்லி' (உயிருக்கே ஆபத்தான சண்டை) தொடங்குவதே அந்த 400-இல்தான். இரண்டு கோப்ளின் என்றால் ஒன்றரையால் பெருக்கி 150, அது 'ஈஸி'. ஆளுக்கு ஒன்று என்று தாராளமாக இறக்கிவிடும் டிஎம்கள் (விளையாட்டை நடத்துகிறவர்கள்) தடுக்கி விழுவது இங்கேதான்.

*

எண்ணிக்கையை விடுங்க, நிம்பிள் எஸ்கேப்தான் விஷயமே: போனஸாகக் கிடைக்கும் சின்னச் செயலிலேயே ஒளியவோ நழுவவோ முடிகிற திறன். புதருக்குள் ஒளிந்து அம்பு விட்டால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுக்கலாம். விட்டதும் இடம் தெரிந்துவிடும். உடனே 20 அடி தள்ளி அடுத்த பாறைக்குப் பின்னால் போய், போனஸ் ஆக்‌ஷனில் மறுபடி ஹைட் (ஒளிதல்), அதற்கான பகடையில் ஸ்டெல்த் +6 சேரும். அம்பின் அடி 1டி6+2, அதாவது ஆறுமுகப் பகடை ஒன்றோடு 2. 6 உயிர்ப்புள்ளி உள்ள மந்திரவாதி, பகடையில் 4 விழுந்தாலே கீழே. மேப்பில் பாறையோ புதரோ வரையாமல் வெட்டவெளியில் விட்டால் இதில் ஒன்றும் நடக்காது.

இன்னொன்று, பலர் மறப்பது: கோப்ளினின் ஏசி (அதை அடிக்க எட்ட வேண்டிய எண்) 15-இல் 2 கேடயத்தால் வருவது. ஷார்ட்போவுக்கு (குறுவில்) இரண்டு கையும் வேணும். வில் பிடித்த கோப்ளினுக்கு 13தான். கேடயத்தை மாட்ட, கழற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆக்‌ஷன் போகும்.

*

விளையாடுகிறவர்கள் பக்கம்: பந்தத்தைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடக்காதீங்க. வெளிச்சம் 20 அடி, மங்கலாக இன்னும் 20. வில்லின் வீச்சு 80. நீங்க விளக்குக் கம்பம் மாதிரி நிற்பீங்க, அவங்க கண்ணிலேயே படமாட்டாங்க. மறைந்து மறைந்து அடித்தால் ரெடி ஆக்‌ஷன் எடுத்து, அதாவது தயாராகக் காத்திருந்து, தலை தெரிந்ததும் அடிங்க. ஸ்லீப் மந்திரம் 5டி8 (எட்டுமுகப் பகடை ஐந்து), சராசரி சுமார் 22 உயிர்ப்புள்ளி. ஆளுக்கு 7 என்று மூன்று கோப்ளின் படுத்துவிடும். ஆனால் குறைந்த உயிர்ப்புள்ளி உள்ளவரிலிருந்துதான் எண்ணும். வட்டத்துக்குள் அடிபட்ட நம்ம ஆள் நின்றால் முதலில் குறட்டை விடுவது அவர்தான்.

*

கடைசி ஆள் சாகும்வரை கோப்ளின் நின்று சண்டை போடுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். அவங்களும் ஒரு மக்கள், உயிர்மேல் ஆசை இருக்காதா? மொரேல் (மனஉறுதி) என்ற விருப்ப விதி இருக்கு: தலைவன் விழுந்தாலோ, எதிர்ப்பக்கம் ஒரு இழப்பும் இல்லாமல் பாதிப் பேர் போனாலோ, டிசி 10 விஸ்டம் சேவ், அதாவது இருபதுமுகப் பகடையோடு விஸ்டம் எண்ணைச் சேர்த்து 10 எட்டாவிட்டால் ஓட்டம். கோப்ளினுக்கு விஸ்டம் -1, அதனால் 11 விழணும், சரிபாதி வாய்ப்பு. கோப்ளின் பாஸ் (தலைவன்) வேறு, தன்மேல் விழும் அடிக்கு 5 அடிக்குள் நிற்கும் கோப்ளினை இழுத்துத் தன் இடத்தில் நிறுத்திவிடுவான். அதைக் கண்ணால் பார்த்த மற்றவன் ஏன் நிற்கப் போகிறான்? அந்த இடத்தில் விதி கேட்காவிட்டாலும் ஒரு சேவ் போடச் சொல்லுங்க.

உயிரோடு பிடித்துப் பேச ஆள் வேணுமென்றால் கைகலப்பில் கடைசி அடி போடும்போதே "மயக்கம்தான்" என்று சொல்லிவிடணும். அம்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

*

எபெரான் என்ற டி அண்ட் டி கற்பனை உலகத்தில் நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கோப்ளின் மொழியில் 'தார்' என்றால் மக்கள். கோப்ளின்களுக்குப் பெயரே 'கோலின்தார்', வேகமான மக்கள். மனிதர்கள் வருமுன் கோர்வேர் கண்டத்தை ஆண்டது கோப்ளின் இனத்தாரின் தாக்கானிப் பேரரசு. ஷார்ன் நகரமே அதன் இடிபாடுகள்மேல்தான் நிற்கிறது. அதனால் பழைய பாலத்தில் ஒரு கோப்ளின் சுங்கம் கேட்டால் கொள்ளைக்காரன் என்று வாளை உருவுவதற்குமுன், பாலத்தைக் கட்டியது யார் என்று ஒரு ஹிஸ்டரி செக் (வரலாறு தெரியுமா என்ற பகடைச் சோதனை) கேளுங்க.