திறமூலத் திட்டத்தில் முதல் பங்களிப்பு: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் சிறு நிரல்களை எழுதும் அளவுக்குப் பயிற்சி உண்டு. தரவுகளைக் கையாள உதவும் பாண்டாஸ் போன்ற திறமூல (மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும்) நிரலகங்களை அன்றாடம் பயன்படுத்தும் எனக்கு, அத்தகைய திட்டம் ஒன்றிற்கு என்னால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருக்கிறது.

நிரல்களைப் பகிர்ந்து கூட்டாக உருவாக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு திட்டத்தை ஃபோர்க் செய்து (நம் கணக்கிற்கு நகலெடுத்து), தனிக் கிளையில் மாற்றத்தைச் செய்து, புல் ரிக்வெஸ்ட் (அம்மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் வேண்டுகோள்) அனுப்பும் முறை புரிகிறது. தடுமாறுவது அதற்கு முந்தைய படியில்தான். 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர்களுக்கு ஏற்ற பணி) என்று குறிக்கப்பட்டவற்றைத் திறந்தால், பலவற்றில் ஏற்கெனவே ஒருவர் "இதை நான் செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். ஆனால் அதன்பின் மாதக்கணக்கில் எந்த அசைவும் இல்லை. அதை நான் எடுத்துக்கொள்ளலாமா, அல்லது அவரிடமோ திட்டத்தை நிர்வகிக்கும் பராமரிப்பாளரிடமோ முதலில் கேட்பதுதான் முறையா? பங்களிப்பாளர்களுக்கான வழிகாட்டிக் கோப்பில் இதுபற்றி ஒன்றும் சொல்லாத திட்டங்களில் என்ன வழக்கம்?

ஆவணங்களைத் திருத்துவதும், பிறர் தெரிவித்த வழுவை நம் கணினியில் மீண்டும் நிகழ்த்திச் சரிபார்ப்பதும் மதிப்புள்ள பங்களிப்புகளே என்று உறுதியாக நம்புகிறேன். எனினும், பெரிய நிரல்தொகுப்பு ஒன்றிற்குள் நுழைய, நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக் கோப்புகளிலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லதா, சிறு வழு ஒன்றை அதன் மூலம்வரை பின்தொடர்வது நல்லதா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். புதியவர்களுக்குப் பொறுமையாகப் பதிலளிக்கும் பராமரிப்பாளர்களைக் கொண்ட சிறிய பைத்தான் திட்டம் ஏதேனும் தெரிந்தால், அதன் பெயரையும் குறிப்பிட வேண்டுகிறேன்.