டெனாரின் அடுப்படி

அல்சூர்க்காரி:
உர்சுலா லெ குவினோட 'டெஹானு' நாவலை முடிச்சு மூணு வாரம் ஆச்சு. ஒரு பக்கம் மட்டும் என்னை விடமாட்டேங்குது, அதான் எழுதறேன். மந்திரவாதிகளும் டிராகன்களும் வர்ற அவங்க எர்த்ஸீ வரிசையில முதல் மூணும் காலேஜ்ல படிச்சது. நாலாவதான இதைத் தொடவே இல்லை. மந்திரமே கிடையாது, கதாநாயகி டெனார் சமையலும் தோட்டமுமா இருப்பான்னு எல்லாரும் பயமுறுத்தி வெச்சிருந்தாங்க. சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில முதுகு பிய்ஞ்ச பிரதி ஒண்ணு கிடைச்சுது. முதல் பாதி இழுவைதான், ஒத்துக்கறேன்.

ஆனா டெனாரோட பையன் ஸ்பார்க் கப்பல்லேர்ந்து திரும்பி வர்ற இடம்! சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவச் சொன்னா, அது பொம்பளை வேலைன்னுட்டு வெளியே போயிடறான். அவளோட வாழற கெட் முணுமுணுக்காம செய்யற வேலை அது. மந்திரவாதிகளுக்கெல்லாம் தலைவரா, ஆர்க்மேஜா இருந்தவர்! பையனை இப்படி வளர்த்தது தான்தானேன்னு டெனாருக்கு உறைக்குது. நான் தலையைத் தூக்கினேன். மேசையில என் பையனோட தட்டு. ஓரத்துல தயிர்சாதம் காய்ஞ்சு, மாவடு காம்பு ஒட்டிக்கிட்டு இருந்துது. பதினோரு வயசு அவனுக்கு. தினமும் நான்தான் எடுப்பேன். அன்னைக்கு எடுக்கலை, விளக்கை அணைச்சுட்டுப் படுத்துட்டேன். காலையில பார்த்தா மாமியார் கழுவிக் கவிழ்த்து வெச்சிருக்காங்க.

ஜாலஹள்ளி:
இழுவைன்னு சொன்னதை மட்டும் ஏத்துக்க முடியலை அக்கா. அந்த முதல் பாதிதான் எனக்குப் புத்தகமே. மந்திர சக்தியெல்லாம் இழந்து, காலெசின்ங்கற டிராகன் முதுகுல செத்த பிணம் மாதிரி வந்து இறங்கறாரே கெட், அப்புறம் புது ராஜா லெபன்னன் அனுப்பின ஆளுங்க தேடி வந்ததும் ஓடி ஒளியறாரே, அதைப் படிச்சப்போ எனக்கு மூச்சு அடைச்சுது. எங்கப்பா ஃபேக்டரியில ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். பழைய ஆட்கள் ரெண்டு பேர் ஸ்வீட் பாக்ஸோட பார்க்க வந்தாங்க. கேட் சத்தம் கேட்டதும் அப்பா பின்வாசல் வழியா வெளியே போயிட்டார், செருப்புகூடப் போடலை. "எங்கேயோ கடைக்குப் போயிருக்கார்"னு நான் பொய் சொன்னேன். அவர் மேல அன்னைக்கு வந்த கோவம் ரொம்ப வருஷம் போகலை. கெட் ஆடு மேய்க்க மலைக்குக் கிளம்பின அத்தியாயத்துலதான் போச்சு. அப்பா இப்போ இல்லை.

பர்ப்பிள் லைன் பயணி:
ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் வரும்போது மெட்ரோவில் படித்தேன். முகத்தில் தீத்தழும்போடு டெனாரிடம் வளரும் சிறுமி தெர்ரு காலெசினைக் கூப்பிடும் இடத்தில் பக்கத்து சீட்டுப் பெரியவர் "யாக்கம்மா அள்தாயிதீரா?" என்று கேட்டார். ஏன் அழுகிறேன் என்று கன்னடத்தில் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 'டெஹானு' 1990-இல் வந்தபோது எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று அதிலேயே போட்டிருந்தார்கள். அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். 2001-இல் இன்னும் இரண்டு வந்தன. முதலில் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ', பிறகுதான் 'தி அதர் விண்ட்'. பலர் சிறுகதைதானே என்று முதலாவதைத் தாண்டிப் போகிறார்கள். அதில் கடைசியாக வரும் 'டிராகன்ஃப்ளை'தான் 'டெஹானு'வுக்கும் 'தி அதர் விண்ட்'டுக்கும் நடுவே உள்ள பாலம். அதைப் படிக்காமல் போனால் 'தி அதர் விண்ட்'டில் வரும் ஐரியன் என்ற பெண் யாரென்றே புரியாது. முடிந்தால் 2018-இல் சார்ல்ஸ் வெஸ் ஓவியங்களோடு வந்த ஒரே தொகுப்பை வாங்குங்கள். கனம் அதிகம், மடியில் தலையணை வைத்துத்தான் படிக்க முடியும். முதல் மூன்றையும் ஒருமுறை திரும்பப் படித்துவிட்டு நாலாவதுக்குப் போவது நல்லது. குறிப்பாக டெனாரின் இளவயதைச் சொல்லும் இரண்டாவது புத்தகமான 'அட்டுவான்' மறந்திருந்தால் டெனாரின் கோபம் பாதிதான் புரியும்.

கே.ஆர்.புரம்:
மேலே சொன்ன வரிசை சரிதான். ஆனா மூணையும் திரும்பப் படிச்சுட்டு உடனே நாலாவதை எடுங்கன்னு சொல்லாதீங்க. மூணாவது வந்தது 1972, நாலாவது 1990. நடுவுல பதினெட்டு வருஷம். லெ குவினுக்கும் வயசாச்சு, டெனாருக்கும் ஆச்சு. படிக்கறவங்களுக்கும் கொஞ்சம் ஆகட்டுமே. இருபது வயசுல நான் இதைப் பாதியில மூடி வெச்சவள்.

போன மாசம் முடிச்சேன். ஞாயித்துக்கிழமை அம்மாவோட உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவும்போது கதையைச் சொல்ல ஆரம்பிச்சேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. முன்கையில பம்ப் ஸ்டவ் வெடிச்ச தழும்பு உண்டு, வெயில் காலத்துலயும் முழுக்கை ரவிக்கைதான். தெர்ருவை நெருப்புல தள்ளின இடத்தைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், சொல்லிட்டேன். ஒண்ணும் பேசலை, கீரையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. டிராகன் வந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடற வரைக்கும் சொல்லி முடிச்சேன்.

"மந்திரம் போட்டு மூஞ்சியைச் சரி பண்ணிட்டாங்களா?"

"இல்லம்மா. அப்படியேதான் இருக்கா."

"நல்ல வேளை"ன்னு சொல்லிட்டு அடுத்த கொத்தை எடுத்தாங்க.