டெல்லி கணேஷும் இரண்டு கல்யாணப் பந்தியும்

“நெல்லைக் குடும்பம்” வாட்ஸ்அப் குழு
ஞாயிறு, 10 நவம்பர் 2024

சித்தி (6.48): டெல்லி கணேஷ் போய்விட்டாராம். நேற்று ராத்திரி, ராமாபுரம் வீட்டிலேயே. டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 80 வயது.

மதுரை அத்தை (6.55): ஐயோ, மெட்டி ஒலி அப்பாவா? ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு என்ன பாடு பட்டார் மனுஷர்!

அக்கா (6.57): அத்தை, அது டெல்லி குமார். இவர் டெல்லி கணேஷ்.

மதுரை அத்தை (6.58): இரண்டு பேரும் டெல்லி என்றால் நான் என்னத்தைக் கண்டேன். என்ன படம் என்று சொல்லு.

அக்கா (6.58): மைக்கேல் மதன காமராஜன். பாலக்காட்டு மணி ஐயர்.

மதுரை அத்தை (6.59): அட, சாம்பாரில் மீன் விழுமே, அவரா! முதலிலேயே அப்படிச் சொல்ல வேண்டியதுதானே 😢🙏

தூத்துக்குடி மாமா (7.03): (ரோஜாப்பூ படம்) இனிய காலை வணக்கம்

சித்தி (7.04): அண்ணே, மேலே என்ன செய்தி போட்டிருக்கிறேன் என்று பாருங்கள்.

தூத்துக்குடி மாமா (7.10): ஓம் சாந்தி

தம்பி, பெங்களூரு (8.31): டெல்லியில் பிறந்தவர் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்தேன்.

பெரியப்பா (8.40): டெல்லியாவது! நம்ம வல்லநாட்டுக்காரர்டா. தூத்துக்குடி போகிற வழியில் மான் சரணாலயம் இருக்கிறதே, அந்த ஊர். பெயர் கணேசன். 1964-ல் விமானப்படையில் சேர்ந்து 10 வருஷம் இருந்தார். டெல்லித் தமிழர்கள் தட்சிண பாரத நாடக சபா என்று ஒரு குழு வைத்திருந்தார்கள், அதில் நடித்தார். அப்புறம் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கே வந்துவிட்டார். பெயருக்கு முன்னால் டெல்லியை ஒட்டவைத்தது பாலசந்தர்.

தம்பி (8.42): ஏர்ஃபோர்ஸ் வேலையை விட்டுவிட்டு டிராமாவா? நான் ஐடி வேலையை விட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா பெரியப்பா?

பெரியப்பா (8.44): நீ முதலில் ஒரு மேடை ஏறு. அப்புறம் பேசுவோம்.

அக்கா (8.44): 😂😂

பெரியப்பா (8.59): சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழுவில் இருந்தார். விசு எழுதிய பட்டினப்பிரவேசம் நாடகத்தை அந்தக் குழுதான் போட்டது. கிராமத்துக் குடும்பம் பட்டணத்துக்கு வந்து அவதிப்படுகிற கதை. 1977-ல் பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார், அதுதான் இவருக்கு முதல் படம். அந்தக் கால சபா மேடையில் மைக் தலைக்கு மேலே தொங்கும். நாம் குனிந்து முணுமுணுத்தால் நாலாவது வரிசைக்குக்கூடக் கேட்காது. அதில் பழகிய தொண்டை. இவர் எந்தப் படத்தில் பேசினாலும் கடைசி எழுத்து வரைக்கும் தெளிவாகக் கேட்கும், கவனித்துப் பாருங்கள்.

சித்தப்பா (9.15): அதெல்லாம் சரி அண்ணே. 400 படத்துக்கு மேல் நடித்தார் என்கிறார்கள், எனக்குப் பாதிக்கு மேல் ஐயர் வேஷமாகத்தான் ஞாபகம் வருகிறது. நாயகனில் பெயரே ஐயர்தான்.

அக்கா (9.21): சித்தப்பா, வேஷம் கொடுத்தது அவரா? நாயகனில் வேலு நாயக்கர் பக்கத்தை விட்டு நகராத ஐயரையும், தெனாலியில் பொறாமையில் வெந்து சாகிற டாக்டர் பஞ்சபூதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அபூர்வ சகோதரர்களில் நாலு வில்லன்களில் ஒருவர். பசி பார்த்திருக்கிறீர்களா?

சித்தப்பா (9.22): ஷோபா படம்தானே? தேசிய விருது வாங்கினதே அந்தப் பெண்.

அக்கா (9.26): ஆமா, 1979. அதில் ஷோபாவுக்கு அப்பா இவர், ரிக்‌ஷாக்காரர். வல்லநாட்டுக்காரர் பேசுகிற மெட்ராஸ் பாஷையைக் கேளுங்கள். மாநில அரசு சிறப்புப் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. இப்படி ஒரு ஆளுக்குப் பிற்பாடு வரிசையாக மாமா வேஷமாகக் கொடுத்தது சினிமாக்காரர்கள் தப்பு.

சித்தப்பா (9.28): சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிந்து பைரவி குடிகார மிருதங்கக்காரர்தான் எனக்கு முதலிடம். அந்தத் தள்ளாட்டத்திலும் விரலில் வித்வான் தெரிவான்.

நான் (9.40): ஒன்று சொல்லட்டுமா? மணி ஐயருக்கு அப்புறம் இன்னொரு கல்யாணப் பந்தியிலும் அவர் இருக்கிறார். 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் நவரசா என்று ஒரு குறும்படத் தொகுப்பு வந்ததே, அதில் வசந்த் எடுத்த பாயசம். தி. ஜானகிராமன் கதை. அண்ணன் பிள்ளை செழிப்பாக இருப்பது பொறுக்காத கிழவர் சாமநாதுவாக இவர். மைக்கேல் மதன காமராஜனில் சாம்பாரில் மீன் விழுந்ததும் மானம் போய்விடுமே என்று தவிக்கிற சமையல்காரர். இதில் கல்யாண வீட்டுப் பாயசத்தை அண்டாவோடு இவரே கவிழ்த்துவிட்டு, எலி கிடந்தது என்று சத்தம் போடுகிறார்!

மதுரை அத்தை (9.43): அடப் பாவி! பாயசத்தையா?

நான் (9.47): கவிழ்க்கிறதுகூடப் பெரிதில்லை அத்தை. அதற்கப்புறம் அவருடைய விதவைப் பெண் ஒரு பார்வை பார்ப்பாள், அதிதி பாலன். பொய் என்று அவளுக்குத் தெரியும். அது வரைக்கும் ஊரையே அதட்டிக்கொண்டிருந்த குரல் அங்கே தடுமாறும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கண்ணைத் திருப்புவார் பாருங்கள். 45 வருஷமாக நடித்துவிட்டு, முழுக் கதையும் தன் தோளில் நிற்கிற இப்படி ஒரு வேஷம் 77 வயதில் வந்திருக்கிறது.

பெரியப்பா (9.55): அந்தக் கதையைப் படித்திருக்கிறேன். படமாக வந்தது தெரியாது. யாருமே சொல்லவில்லையே.

சித்தி (9.56): சொன்னோம் அத்தான். நீங்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திங்கள், 11 நவம்பர்

தம்பி (1.20): பெரியப்பா, டிவி பார்த்தீர்களா? விமானப்படைக்காரர்கள் வந்து மரியாதை செய்தார்கள். வேலையை விட்டு 50 வருஷம் ஆகிறது!

பெரியப்பா (1.34): பார்த்தேன். பட்டாளத்துக்காரனை அவர்கள் மறக்கமாட்டார்கள்டா. சரி, அந்தப் பாயசம் எத்தனை நேரம் ஓடும்?

நான் (1.35): அரை மணி நேரம்தான். இன்று ராத்திரியே பார்த்துவிடலாம்.

பெரியப்பா (1.37): பாஸ்வேர்டு அனுப்பு.

அக்கா (1.37): டேய், குரூப்பில் போடாதே! போன தடவை போட்டுவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே போய், நான் பாதிப் படத்தில் வெளியே வந்து விழுந்தேன்.

தூத்துக்குடி மாமா (1.41): எனக்கும் அனுப்பு