ஒரே அடி, நாலாம் நாள் மரணம்: 103-ஆ, 105-ஆ?

மூன்றாம்_வருடம்:
மூட் கோர்ட்டுக்கு (சட்ட மாணவர்களின் மாதிரி நீதிமன்றம்) வந்த கேள்வி. வரப்புத் தகராறு. வாய்ச்சண்டை முற்றி, வேலை செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்த மண்வெட்டியால் எதிரே நின்றவர் தலையில் ஒரு அடி அடிக்கிறார். அடிபட்டவர் நாலாம் நாள் ஜி.ஹெச்-சில் இறக்கிறார். பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 109-இல், அதாவது கொலை முயற்சியில், இருந்த எஃப்ஐஆர் கொலைக்கான 103(1)-க்கு மாறுகிறது. நான் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு. "ஒரே அடி, கொல்லும் எண்ணம் இல்லை, உடனே சாகவும் இல்லை" என்று 105-க்கு (கொலை ஆகாத மரணம் விளைவிக்கும் குற்றம்) கொண்டுவர முடியுமா? அதில் தண்டனை கூடிய பார்ட் 1 கேட்பதா, குறைந்த பார்ட் 2-வா?

செஷன்ஸ்_பக்கம்:
கொண்டுவரலாம். ஆனால் இந்த மூன்று வாதங்களை நம்பி வேண்டாம்.

நாலு நாள் கழித்து இறந்தது தனியாக உதவாது. மரணம் விளைவிக்கும் குற்றத்தை வரையறுக்கும் 100-ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கம், தக்க சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாலும் காயப்படுத்தியவரே மரணத்தை விளைவித்தவர் என்கிறது. "கொல்லும் எண்ணம் இல்லை" என்பது, அந்தக் குற்றம் எப்போது கொலை ஆகும் என்று சொல்லும் 101-இன் முதல் வகைக்கு மட்டும் பதில். வலை விரித்திருப்பது மூன்றாம் வகை: இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயத்தை எண்ணத்தோடு ஏற்படுத்துவது. 1958-இல் விர்சா சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் அதை நாலு படிகளாகப் பிரித்து வைத்தார்: காயம் இருக்கிறதா, அதன் தன்மை என்ன, அந்தக் காயத்தைத்தான் ஏற்படுத்த நினைத்தாரா, அது இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா. கடைசிக் கேள்விக்கு எதிரியின் மனதைப் பார்க்கவே வேண்டாம், டாக்டர் சாட்சியம் போதும். அந்த வழக்கிலும் ஈட்டியால் வயிற்றில் ஒரே குத்துதான். கொலை என்றே தீர்ந்தது. எனவே "ஒரே அடி" என்பது விதி அல்ல, எடைபோடும் பல சங்கதிகளில் ஒன்று.

கிராஸ்_எக்ஸாமினர்:
மேலே சொன்னது சரி. வேலை இருப்பது மூன்றாவது படியிலும் நாலாவது படியிலும்.

முதலில் ஏஆர் காப்பியையும் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) பிஎம் ரிப்போர்ட்டையும் (பிரேதப் பரிசோதனை அறிக்கை) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மண்வெட்டியின் வெட்டுவாயால் அடித்தாரா, பின்புறத்தாலா, காம்பாலா? வெட்டுவாய் என்றால் விளிம்பு சீரான வெட்டுக்காயம் இருக்கும். மற்ற இரண்டிலும் பெரும்பாலும் கிழிந்த காயம், நசுங்கல். சாட்சி "வெட்டினார்" என்று சொல்லி, பிஎம்-இல் கிழிசல் இருந்தால் அந்த இடைவெளிதான் உங்கள் கதவு. வெட்டுவாய் இருந்தும் அதைத் திருப்பிப் பிடித்து அடித்தவர், அந்த அளவு காயத்தை நினைக்கவில்லை என்று வாதிடலாம். தோளுக்கு ஓங்கினார், அடிபட்டவர் குனிந்தார் என்பதற்குச் சாட்சியம் இருந்தால் மூன்றாவது படியே ஆடும்.

டாக்டரின் சொல்லையும் கவனியுங்கள். "மரணம் விளைவிக்கக்கூடியது" என்றால் 100-ஆம் பிரிவோடு நிற்க வாய்ப்பு. "இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது" என்றால் 101-க்குள் போய்விடும். டாக்டர் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் நீங்களாகக் கேட்டு அரசுத் தரப்பின் ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். பலரும் சறுக்கும் இடம் இது. தலைக்காயத்தோடு சீழ், நிமோனியா என்று மரணக் காரணத்தில் எழுதியிருந்தால் மட்டும் நாலு நாள் இடைவெளிக்கு உயிர் வரும். அப்போதும் விடுதலை கிடைக்காது, பிரிவு இறங்கலாம்.

செஷன்ஸ்_பக்கம்:
101-இன் நான்காம் விதிவிலக்கை விட்டுவிட்டோம். முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சண்டையில், ஆத்திர வேகத்தில், முறைகேடான சாதகம் எடுக்காமல், கொடூரமாக நடக்காமல் செய்திருந்தால் அது கொலை ஆகாது. யார் முதலில் ஆரம்பித்தார் என்பது பொருட்டல்ல. மண்வெட்டி வீட்டிலிருந்து எடுத்து வந்ததா, வேலைக்காகக் கையில் இருந்ததா என்பது இங்கே பெரிய வித்தியாசம். அடிபட்டவர் வெறுங்கையோடு நின்றார், அவர் விழுந்த பிறகும் எதிரி அடித்தார் என்று வந்தால் விதிவிலக்கு போச்சு. கோபமூட்டல் என்ற முதல் விதிவிலக்குக்குப் போகாதீர்கள். வரப்பை வெட்டினான் என்பதெல்லாம் 'கடுமையான' கோபமூட்டல் ஆவது கடினம். 1961 நானாவதி தீர்ப்பில், மனைவி தன் கள்ள உறவைச் சொன்னதற்கும் கணவர் அவளுடைய காதலனைச் சுட்டதற்கும் இடையே இருந்த மூன்று மணி நேர அளவே அதைக் கெடுத்தது.

விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பு எதிரி மேல். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நிகழ்தகவு சாய்ந்தால் போதும். அரசுத் தரப்புச் சாட்சி வாயிலிருந்தே எடுக்கலாம்.

மூன்றாம்_வருடம்:
அப்போ பார்ட் 1-ஆ 2-ஆ? சம்பவத் தேதி 2024 மே என்று கேள்வியில் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

கிராஸ்_எக்ஸாமினர்:
அப்படியானால் பிஎன்எஸ்-ஸே வராது. அது 2024 ஜூலை 1 முதல்தான். 100, 101, 103, 105 என்பவற்றை அதற்கு முந்தைய ஐபிசி-யின் (இந்திய தண்டனைச் சட்டம்) 299, 300, 302, 304 என்று மாற்றி எழுதுங்கள். பிஎன்எஸ்-இல் எஃப்ஐஆர் போட்டிருப்பதே உங்கள் முதல் பாயிண்ட். இதில் லாபமும் உண்டு: 105-இன் பார்ட் 1-இல் ஆயுள் இல்லையென்றால் குறைந்தது 5 வருடம், 304-இல் அந்தக் குறைந்தபட்சம் கிடையாது. பார்ட் 2-க்கு இரண்டிலும் மேல் வரம்பு 10 வருடம். ஆனால் 304-இல் அபராதம் மட்டும் விதிக்கவும் வழி இருந்தது, 105-இல் சிறையும் அபராதமும் சேர்ந்தே வரும்.

எண்ணம் இருந்தால் பார்ட் 1, மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் பார்ட் 2. நான்காம் விதிவிலக்கு மட்டும் எடுத்தால் அடித்த எண்ணம் அப்படியே நிற்கும், பெரும்பாலும் பார்ட் 1-தான். பார்ட் 2 வேண்டுமானால் மூன்றாவது படியை உடைத்தே ஆக வேண்டும். மெமோரியலில் (மூட் கோர்ட்டுக்கான எழுத்து வாதம்) அதை முதல் வாதமாகவும் விதிவிலக்கை மாற்று வாதமாகவும் வையுங்கள். 304-க்குத் தனிக் குற்றச்சாட்டு வனைய வேண்டாம், 302 சார்ஜிலேயே சிறிய குற்றத்துக்குத் தண்டிக்கலாம்.