பொருள்: மறுமொழி: பேரண்டவியலில் 'ரீகாம்பினேஷன்' – தமிழில் எப்படி?

> மரபியலில் மறுசேர்க்கை இருக்கிறது. குறைகடத்திப் பாடத்தில் எலக்ட்ரானும் துளையும் மறுசேர்க்கை அடைகின்றன. அதையே இங்கும் ஆளலாமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, குறைகடத்தியில் அது பொருந்தும். பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் ஒரு துளையில், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடத்தில், போய் விழுகிறது. பேரண்டத்தின் தொடக்கத்தில் நிலையான அணுவாக இருந்து பிரிந்த முன்கதையே இல்லை. பெருவெடிப்புக்குப் பிறகு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்துத்தான், வெப்பநிலை 3,000 கெல்வினுக்கு இறங்கியபோது, எலக்ட்ரான்கள் புரோட்டான்களிடம் தங்கி ஹைட்ரஜன் அணுக்கள் ஆயின. இதைத்தான் 'ரீகாம்பினேஷன்', அதாவது மீண்டும் சேர்தல், என்கிறார்கள். ஆய்வகப் பிளாஸ்மாவுக்கு (எலக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து பிரிந்து திரியும் வாயுவுக்கு) வழங்கிய ஆங்கிலச் சொல் இங்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த ஒட்டடையை நாமும் சுமக்க வேண்டுமா?

> அப்படியானால் 'முதற்சேர்க்கை' என்று வைத்துவிடுவோம். சுருக்கமாகவும் இருக்கிறது.

அழகான சொல்தான். ஆனால் நடந்தது என்ன என்று கேட்டால் இதுவும் தள்ளாடுகிறது. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். வெப்பநிலையாக மாற்றினால் ஒன்றரை லட்சம் கெல்வினுக்கு மேல். அப்படியிருக்க, 3,000 வரை குளிரும்வரை அணுக்கள் ஏன் காத்திருந்தன? ஒவ்வொரு புரோட்டானுக்கும் நூறு கோடிக்கும் மேற்பட்ட ஒளித்துகள்கள் இருந்தன. சராசரி ஒளித்துகள் வலுவிழந்த பின்னும், அந்தப் பெருங்கூட்டத்தின் மேல்விளிம்பில் இருந்த சில போதும், சேர்ந்த எலக்ட்ரானை மறுபடி தட்டிவிட.

இன்னொரு சிக்கலும் உண்டு. எலக்ட்ரான் நேராக அடிமட்ட ஆற்றல்நிலைக்கு இறங்கினால் வெளிவரும் ஒளித்துகளுக்கே பக்கத்து அணுவை உடைக்கும் வலு இருக்கிறது. ஓர் அணு பிறந்தால் ஓர் அணு சாகும், கணக்கு நேராகிவிடும். 1968இல் அமெரிக்காவில் இயற்பியலாளர் பீபிள்ஸும், சோவியத் ஒன்றியத்தில் செல்தோவிச், கூர்த், சுன்யாயெவ் மூவரும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். முக்கியமான வழி, எலக்ட்ரான் கிளர்வுற்ற (ஆற்றல் கூடிய) நிலை ஒன்றில் தங்கி, ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை உமிழ்ந்து இறங்குவது. இரண்டும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்வதால் அடிமட்டத்தில் இருக்கும் அடுத்த அணுவை எதுவும் குலைக்காது. அணு அளவில் பார்த்தால் இது மிக மெதுவான நிகழ்வு: சுமார் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு.

ஆக, சேர்வதும் பிரிவதும் அதற்கு முன்பே ஓயாமல் நடந்துகொண்டிருந்தன. அப்புறம் எது 'முதல்'? போதாததற்கு, எலக்ட்ரான்களை இறுக்கமாகப் பிடித்துவைக்கும் ஹீலியம் ஹைட்ரஜனை முந்திக்கொண்டு அணுவாகிவிட்டது.

புதிதாக நடந்தது சேர்க்கை அல்ல. சேர்ந்தது பிரியாமல் நின்றது. சொல் அதைத்தான் காட்ட வேண்டும். என் முன்மொழிவு: அணு நிலைப்பு.

இதில் துகளின் பெயர் வராதது எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் எலக்ட்ரான், ஹைட்ரஜன். இலங்கைப் பாடநூலில் இலத்திரன், ஐதரசன். 'எலக்ட்ரான் பிணைவு' என்று வைத்தால் அங்கே ஒருமுறை பெயர்க்க வேண்டும். 'அணு' இரு கரைக்கும் பொது.

> அணு நிலைப்பு என்றதும் கதிரியக்கம்தான் என் நினைவுக்கு வருகிறது. நிலைத்த அணுக்கரு, நிலையாத அணுக்கரு என்று வகுப்பில் பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாணவர் கட்டாயம் குழம்புவார். தவிர, 'நிலைப்பு' ஒரு பண்பு போல ஒலிக்கிறது. நமக்கு வேண்டியது நிகழ்ச்சி.

அம்மா, இந்தத் தடை சரியானது, ஏற்கிறேன். 'நிலைபேறு' பக்கமும் போக முடியாது. இலங்கையில் அது நிலைபேறான அபிவிருத்திக்குப் போய்விட்டது. 'அணு நிலைகொள்ளல்' எப்படி? வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நிலைகொண்டுள்ளது என்று ஐப்பசி தோறும் செய்தியில் கேட்கிறோம். அங்குமிங்கும் அலைந்தது ஓரிடத்தில் நிற்பது என்ற பொருள் அதில் தானாக வந்துவிடுகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: "அணு நிலைகொள்ளலுக்குப் பிறகு ஒளி தடையின்றிப் பரவியது, இன்று 2.7 கெல்வினாகக் குளிர்ந்து நுண்ணலைப் பின்னணியாக நம்மை வந்தடைவது அந்த ஒளியே." இடறவில்லை. 'ஹீலியம் நிலைகொள்ளல்', 'நிலைகொள் காலம்' என்று கிளைக்கவும் செய்கிறது. பின்னாளில் முதல் விண்மீன்களின் புற ஊதா ஒளி இந்த அணுக்களை உடைத்ததற்கு 'மறு அயனியாக்கம்' இருக்கவே இருக்கிறது. 'மறு' அங்கே முழுத் தகுதியோடு நிற்கிறது.

குறைகடத்திக்கும் மரபியலுக்கும் மறுசேர்க்கை அப்படியே இருக்கட்டும். வேறு தடை வராவிட்டால் பேரண்டவியல் பட்டியலில் 'அணு நிலைகொள்ளல்' என்று சேர்த்துவிடுகிறேன். அடுத்து 'இன்ஃப்ளேஷன்' (பேரண்டம் பிறந்த கணத்தில் அதிவேகமாக விரிந்தது என்னும் கருத்து) காத்திருக்கிறது. 'பணவீக்கம்' என்று யாரும் விளையாட்டுக்கும் எழுதிவிடாதீர்கள்.