மறு: வொர்க்கிங் மெமரிக்கு என்ன சொல்? ‘கைநினைவு’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: கடலூர் முதுநகரில் மூத்தவர்களுக்கு நடக்கும் மருத்துவ முகாமுக்கு ஒரு துண்டறிக்கை தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உடல் பருமன் வயதான காலத்தில் நினைவையும் யோசனையையும் எப்படிப் பாதிக்கலாம் என்பதுதான் பொருள். மற்ற சொற்கள் அமைந்துவிட்டன, வொர்க்கிங் மெமரி, அதாவது ஒன்றை மனசில் பிடித்துக்கொண்டே அதன்மேல் வேலை செய்யும் திறன், அதற்கான சொல் மட்டும் இடறுகிறது.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பாடு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போன முகாமில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எழுபதை நெருங்கும் ஒரு அம்மா வந்திருந்தார். நாற்பது வருடம் அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்றவர். 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றிப் பேச்சு வந்தது. கடல் உள்ளே வந்தபோது அடுப்பில் என்ன இருந்தது, எந்தப் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். அப்புறம் நான் மூன்று எண் சொன்னேன்: 5, 8, 2. “அஞ்சு, எட்டு, ரெண்டு” என்று உடனே திருப்பிச் சொன்னார். “இதையே பின்னாலேருந்து சொல்லுங்கம்மா” என்றேன். கண்ணை மூடினார், விரலை மடக்கினார். “ரெண்டு…” அதோடு நின்றுவிட்டது. “என்ன சொன்ன தம்பி?”

பிறகு அவரே சொன்னார்: “யாவாரத்துலயும் இப்ப இதான். ஒரு கிலோ சங்கரா, அரைக் கிலோ காரப்பொடின்னு கேட்டு ஐநூறு ரூவா குடுத்தா, மீனை அள்ளிப் போடறதுக்குள்ள மீதி எவ்ளோன்னு கலைஞ்சிடுது.” பக்கத்தில் இருந்த மகள், “அம்மாவுக்கு மறதி சார்” என்றார்.

மறதி இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய காலை அப்படியே இருக்கிறது. சொன்ன எண்களும் சொன்ன வரிசையில் இருந்தன. அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டே இன்னொரு வேலை செய்வதில்தான் தடுமாற்றம். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ‘மறதி’ என்ற ஒரே சொல் இருப்பதால் இந்தத் தடுமாற்றம் கண்ணில் படுவதில்லை. பேர் ஊரெல்லாம் நினைவிருக்கிறதே, ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் தனிச்சொல் வேண்டும் என்கிறேன்.

இழையில் வந்த ‘பணி நினைவு’, ‘செயல்படு நினைவு’ இரண்டும் ஆங்கிலத்துக்கு எதிரே வைத்துப் படித்தால்தான் விளங்கும். பணி நினைவு என்றால் ஆபீஸ் ஞாபகம் என்றுதான் அந்த அம்மா நினைப்பார். ‘தற்காலிக நினைவு’ அதைவிடச் சிக்கல். கொஞ்ச நேரம் வைத்திருப்பது மட்டும் குறுநினைவு, அதற்கு அந்தச் சொல்லே போதும். 1974-இல் உளவியலாளர்கள் ஆலன் பேடலியும் கிரஹாம் ஹிட்ச்சும் முன்வைத்த வொர்க்கிங் மெமரி கருத்தின் உயிரே, வைத்திருப்பதும் அதன்மேல் வேலை செய்வதும் ஒன்றாக நடக்கிறது என்பதில் இருக்கிறது. எண்களை முன்னாலிருந்து சொல்ல குறுநினைவு போதும். பின்னாலிருந்து சொல்ல வொர்க்கிங் மெமரி வேண்டும்.

நம்மிடம் ‘கை’ இருக்கிறது. கைச்செலவு, கைமாற்று, கையிருப்பு, கைவசம். பெட்டியில் பூட்டி வைத்தது வேறு, இப்போது எடுத்துப் புழங்கக் கையில் இருப்பது வேறு என்பதை இந்தச் சொற்கள் எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகின்றன. கையில் கொஞ்சம்தான் கொள்ளும், கூடினால் சிந்தும். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ஆகவே ‘கைநினைவு’. கைநினைவுக் குறைவு, கைநினைவுச் சுமை, கைநினைவுச் சோதனை என்று கிளைக்கவும் செய்கிறது. நான் ஒரு சொல்லை எடைபோடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

> ‘ஏந்துநினைவு’ இன்னும் அழகாக இருக்காதா? வினைத்தொகை.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கம் ‘ஏந்து’ என்றாலே கையேந்துவதுதான் முதலில் வரும். உழைத்துச் சாப்பிட்ட முதியவர் கையில் அந்தச் சொல் போட்ட தாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

> புதுவையிலிருந்து: கைநினைவு என்றால், யோசிக்காமலே கை தானாகச் செய்யும் பழக்கம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? நோயாளிகளிடம் நான் பேசும்போது அந்தக் குழப்பம் வரும் என்று தோன்றுகிறது.

டாக்டர், இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி இதுதான். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கை தானாகச் செய்வதற்கு நம்மிடம் ‘கைப்பழக்கம்’ ஏற்கெனவே உறுதியாக இருக்கிறது. மீனை அரிவாள்மனையில் ஆய்வதைப் பார்த்து யாரும் கைநினைவு என்று சொல்லப்போவதில்லை. இருந்தாலும் உங்கள் தயக்கத்தில் நியாயம் இருப்பதால், முதல் முறை வரும்போது “கைநினைவு, அதாவது ஒன்றை மனசில் பிடித்துக்கொண்டே கணக்குப் போடும், யோசிக்கும் திறன்” என்று விரித்து எழுதிவிடுகிறேன்.

துண்டறிக்கையின் உள்ளடக்கம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது, ரத்த அழுத்தம் கூடி மூளையின் நுண்குழாய்கள் பழுதாவது, குறட்டையோடு மூச்சு அடைபட்டுத் தூக்கம் கெடுவது எல்லாம் இதோடு கைகோத்து வருகின்றன. திட்டமிடுதல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல், கைநினைவு எல்லாம் இந்தப் பாதிப்பில் தடுமாறலாம். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் டிமென்ஷியாவுக்கு (நினைவும் யோசனையும் மெல்ல மெல்லக் குலையும் நோய்) பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளில் நடுவயதுப் பருமனும் உண்டு. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினாலே கவனம் வேண்டும். ‘பூசினாப்புல இருக்கா’ என்று பாராட்டாகச் சொல்லும் ஊர் இது, ஆகவே அளவை நாடாவின் எண்ணைத் தெளிவாகப் போட வேண்டும்.

அந்த அம்மாவுக்குப் பருமனால்தான் இப்படி என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையும் பிரஷரும் அவருக்குப் பல வருடமாக இருக்கின்றன. இன்னொன்றையும் கட்டாயம் எழுதப் போகிறேன்: எழுபதுக்கு மேல் முயற்சி எதுவும் இல்லாமல் உடம்பு தானாக இளைத்தால் அது நல்ல சேதி அல்ல. டிமென்ஷியா வெளியே தெரியச் சில வருடம் முன்பே எடை இறங்குவதுண்டு. “அம்மா மெலிஞ்சுட்டாங்க, நல்லதுதானே” என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

அச்சகத்துக்கு வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் போட நினைக்கும் வரி இது:

“பழைய கதை எல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் மீதிக் காசு எண்ணும்போது கணக்குக் கலைகிறதா? அது கைநினைவுக் குறைவாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.”

‘கலைகிறதா’ அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்த சொல், அதை மாற்ற வேண்டாம். மற்றபடி எங்கே இடறுகிறது என்று புதன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து